பேரண்டமும் பிழைபட்ட எண்ணங்களும்
(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

முன்னுரை

வானத்தை அண்ணாந்து பாராத மனிதர் இல்லை. மொட்டை மாடியில் படுத்து விண்மீன்களை எண்ணத் தொடங்கி, எண்ணி முடியாமல் உறங்கிப் போகாத குழந்தையும் இல்லை. அவ்வானம் எவ்வளவு பெரியது? எப்போது தோன்றியது? எவ்வாறு வளர்ந்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடும் அறிவியல் துறையே அண்டவியல் ஆகும். பள்ளியில் ஓரிரு பக்கங்களில் நாம் படித்துவிட்டுப் போகும் இதனைக் கல்லூரியில் விரிவாகக் கற்போர் உளர். பட்ட வகுப்பு மாணவர் என்றால் எல்லாம் அறிந்தவர் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அவர்களும் அண்டவியலில் பல இடங்களில் தடுமாறுகின்றனர் என்பதை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். அத்தடுமாற்றங்கள் யாவை, அவை எதனால் எழுகின்றன, அவற்றை எவ்வாறு களையலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம். இன்னும் சில ஆண்டுகளில் கல்லூரியில் காலடி வைக்கப் போகும் நமக்கு இது மிகவும் பயன்படும் அன்றோ!

ஆய்வாளர் கண்டது

அமெரிக்க நாட்டின் பல பல்கலைக்கழகங்களில், கலையோ வணிகமோ வரலாறோ எதைப் பயின்றாலும், இளங்கலை மாணவர் ஏதேனும் ஓர் அறிவியல் பாடத்தையும் பயில வேண்டும். அவர்களுள் பலர் அறிமுக வானியலைத் தேர்ந்தெடுக்கின்றனர். அம்மாணவர்களின் மனத்தில் பேரண்டம் எப்படி இருக்கிறது என்பதை வானியல் ஆசிரியர் சிலர் ஆராய முற்பட்டனர். பிராதர், ஸ்லேட்டர், ஆஃபர்டால் என்னும் மூவர் 2002-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பெருவெடிப்பு என்றால் என்ன என்று எழுதவும் படம் வரையவும் அவர்கள் மாணவர்களைக் கேட்டனர். பின்னர் 2011, 2012-ஆம் ஆண்டுகளில் வாலஸ், பிராதர், டங்கன் ஆகியோர் ஐந்து பகுதிகளாக மற்றொரு விரிவான ஆய்வை வெளியிட்டனர். சரியான விடையைத் தேர்ந்து குறியிடும் வினாக்களை அவர்கள் கொடுக்கவில்லை. ‘உன் சொந்தச் சொற்களில் விளக்குக’ என்றே கேட்டனர். பாடம் தொடங்குமுன் ஒருமுறையும், முடிந்தபின் ஒருமுறையும் கேட்டு ஒப்பிட்டனர்.

சொந்தச் சொற்களில் எழுதச் சொன்னதுதான் இதில் சிறப்பு. ‘பேரண்டத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள்’ என்பதை மனப்பாடம் செய்து எழுதிவிடலாம். முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். அதை எழுதும் கையைப் பார்த்து, மனத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. விளக்கச் சொன்னபோதுதான் மாணவர்களின் உண்மையான எண்ணங்கள் வெளிப்பட்டன.

‘வெடிப்பு’ என்னும் சொல்

மாணவர்களுள் பெரும்பாலோர் பெருவெடிப்பை ஒரு வெடிகுண்டு வெடித்ததைப் போலவே கருதினர். முன்பே ஓரிடத்தில் பொருள்கள் குவிந்து கிடந்தன; அவை ஒருநாள் வெடித்து வெற்றிடத்தில் நாற்புறமும் சிதறின; அச்சிதறல்களே விண்மீன்களும் கோள்களும் ஆயின என்பது அவர்கள் எண்ணம்.

இப்படி எண்ணியதற்கு ஆய்வாளர் கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது. ‘ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றும் வராது’ என்பது அன்றாட வாழ்வில் நாம் அனைவரும் கற்றுக்கொண்ட உண்மை. மாவு இல்லாமல் தோசை இல்லை. நூல் இல்லாமல் சேலை இல்லை. ஆகவே வெடிப்பதற்கு முன்னரே ஏதோ ஒரு பொருள் இருந்திருக்க வேண்டும் என்று மாணவரின் அறிவு தானாகவே முடிவு செய்கிறது. இதனை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. சமையலறையிலும் தெருவிலும் நன்கு பயன்பட்ட ஓர் அறிவு, தனக்குப் பொருந்தாத இடத்துக்கும் வந்துவிட்டது என்பதே பொருத்தம்.

பெயரும் இப்பிழைக்குத் துணை நிற்கிறது. இப்பெயரைச் சூட்டியவர் இக்கொள்கையை ஏற்காத ஒருவர் என்பது வியப்புக்குரிய செய்தி. இங்கிலாந்து நாட்டு வானியலறிஞர் ஃபிரெட் ஹாயில், பேரண்டம் என்றும் ஒரே நிலையில் இருக்கிறது என்னும் கருத்துடையவர். அவர் 1949-ஆம் ஆண்டில் பி.பி.சி. வானொலியில் பேசுகையில் மாற்றுக் கருத்தைக் குறிக்க இச்சொல்லைக் கையாண்டார். அதுவே நிலைத்துவிட்டது. தமிழில் ‘பெருவெடிப்பு’ என்றதும் நம் மனத்தில் தீபாவளி வெடியே தோன்றுகிறது. வெடிக்கு ஓர் இடம் உண்டு. ஒரு நடு உண்டு. சிதறிய காகிதம் போய் விழ ஒரு முற்றமும் உண்டு. பெருவெடிப்புக்கு இவை ஒன்றும் இல்லை.

அப்படியானால் அக்கொள்கை உண்மையில் கூறுவது யாது? மிக முற்காலத்தில் பேரண்டம் எல்லா இடத்திலும் அளவிறந்த வெப்பமும் அடர்த்தியும் உடையதாக இருந்தது. பின்னர் வெளியே விரியத் தொடங்கியது. விரிய விரியக் குளிர்ந்தது என்பதே அது. இங்கே ‘வெளி’ என்றது புறம் என்னும் பொருளில் அன்று. பொருள்கள் இருக்கும் இடமாகிய வெளியையே குறிக்கும். வெளியின் ஊடே பொருள்கள் ஓடவில்லை; வெளிதான் விரிகிறது. ஆகவே பெருவெடிப்பு எங்கே நிகழ்ந்தது என்று கேட்டால், எல்லா இடத்திலும் என்பதே விடை. நீங்கள் இம்மலரைக் கையில் ஏந்தி அமர்ந்திருக்கும் இடமும் அதில் அடங்கும்.

பெருவெடிப்பில் நேராகவே பூமி தோன்றியது என்று எண்ணிய மாணவரும் உளர். பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகளே. பெருவெடிப்புக்கும் பூமியின் பிறப்புக்கும் இடையே 900 கோடி ஆண்டுகளுக்கு மேல் கடந்துள்ளன.

நாடாவும் பொத்தான்களும்

‘பேரண்டம் விரிகிறது’ என்பதையும் மாணவர் பலவாறு பொருள் கொண்டனர். விண்மீன்கள் புதிது புதிதாகப் பிறப்பதையே விரிதல் என்று எண்ணுவோர் உண்டு. பேரண்டத்தைப் பற்றிய நம் அறிவு விரிவதைத்தான் அப்படிக் கூறுகிறார்கள் என்று எண்ணுவோரும் உண்டு. விரிவதற்கு ஒரு மையம் வேண்டும் என்று எண்ணுவோர் மிகப் பலர்.

இதனைத் தெளிவாக்கத் தையல் வகுப்புப் பெட்டியே போதும். எலாஸ்டிக் நாடா ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 5 செ.மீ. இடைவெளியில் ஐந்து பொத்தான்களைத் தைப்போம். பொத்தான்களே பால்வீதி போன்ற விண்மீன் மண்டலங்கள், நாடாவே வெளி. இப்போது ஒவ்வோர் இடைவெளியும் 10 செ.மீ. ஆகும்வரை நாடாவை இழுப்போம். முதற் பொத்தானில் நாம் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டாம் பொத்தான் 5 செ.மீ. தொலைவிலிருந்து 10 செ.மீ. தொலைவுக்குச் சென்றிருக்கும். மூன்றாவது 10-லிருந்து 20-க்கும், நான்காவது 15-லிருந்து 30-க்கும் சென்றிருக்கும். ஒரே நேரத்தில் இரண்டாவது 5 செ.மீ. விலகியது, மூன்றாவது 10 செ.மீ. விலகியது, நான்காவது 15 செ.மீ. விலகியது. தொலைவு மிக மிக விலகும் வேகமும் மிகுகிறது!

இனி மூன்றாம் பொத்தானில் அமர்ந்து பார்ப்போம். இருபுறத்து அண்டைப் பொத்தான்களும் 5 செ.மீ. விலகுகின்றன; அவற்றிற்கு அப்பால் உள்ளவை 10 செ.மீ. விலகுகின்றன. எந்தப் பொத்தானில் அமர்ந்தாலும் ‘எல்லாரும் என்னை விட்டு விலகுகிறார்கள்; நானே நடு’ என்றே தோன்றும். எல்லாரும் நடு என்றால் எவரும் நடு அல்லர் என்பதே பொருள்.

மேலும் ஒன்றைக் கவனியுங்கள். நாடா நீண்டது, பொத்தான் நீளவில்லை. அதுபோலவே ஈர்ப்பு விசையால் கட்டுண்ட விண்மீன் மண்டலமும் சூரிய குடும்பமும் விரிவதில்லை. நம் அண்டை மண்டலமாகிய ஆண்ட்ரோமீடா, ஈர்ப்பினால் நம்மை நோக்கியே வந்துகொண்டிருக்கிறது.

உவமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறக்கலாகாது. நாடாவுக்கு இரு முனைகள் உண்டு. அதை இழுக்க இரு கைகள் வேண்டும். பேரண்டத்திற்கு முனை இருப்பதாக எவரும் கண்டதில்லை. அதை வெளியிலிருந்து இழுப்பவரும் இல்லை. உவமையை முழு உண்மையாகக் கொள்வதும் பிழைபட்ட எண்ணத்திற்கு வழி வகுக்கும்.

வரைபடம் கூறும் வயது

பெல்ஜியம் நாட்டு அறிஞர் ஜார்ஜ் லெமேத்ர் 1927-ஆம் ஆண்டிலும், அமெரிக்க வானியலறிஞர் எட்வின் ஹப்பிள் 1929-ஆம் ஆண்டிலும், மண்டலங்களின் தொலைவையும் விலகும் வேகத்தையும் தொடர்புபடுத்திக் காட்டினர். தொலைவை அளக்க உதவிய வழியைக் கண்டவர் ஹென்றியட்டா லீவிட் என்னும் பெண்மணி. ஒளி கூடிக் குறையும் ஒருவகை விண்மீன்களின் இயல்பை அவர் 1912-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பெண்களுக்குத் தொலைநோக்கியைக் கையாளும் வாய்ப்பு அரிதாயிருந்த அக்காலத்தில், கண்ணாடித் தகடுகளில் பதிந்த படங்களை நாள்தோறும் பொறுமையாக அளந்தே அவர் இச்சாதனையைச் செய்தார்.

தொலைவைக் கிடை அச்சிலும் வேகத்தை நெடு அச்சிலும் குறித்தால், மேல்நோக்கிச் செல்லும் ஒரு நேர்கோடு கிடைக்கும். இக்கோட்டைக் கண்டதும் பல மாணவர், ‘கோடு மேலே ஏறுகிறது; ஆகவே விரிவின் வேகம் நாளுக்கு நாள் கூடுகிறது’ என்று விடை எழுதுகின்றனர். இது பிழை. கிடை அச்சில் இருப்பது தொலைவு, காலம் அன்று. வரைபடத்தைப் பார்த்ததும் கோட்டின் போக்கை மட்டும் பார்த்து, அச்சில் எழுதியிருப்பதைப் படியாமல் விடுவதே இதற்குக் காரணம். விரிவின் வேகம் கூடிவருகிறது என்பது உண்மைதான். ஆனால் அது தொலைதூர விண்மீன் வெடிப்புகளை ஆராய்ந்த இரு குழுவினரால் 1998-ஆம் ஆண்டில் வேறு சான்று கொண்டு அறியப்பட்டது. அதற்கு 2011-ஆம் ஆண்டில் நோபல் பரிசும் வழங்கப்பட்டது.

இக்கோட்டிலிருந்து பேரண்டத்தின் வயதை நாமே கணக்கிடலாம். 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள மண்டலம் விநாடிக்கு ஏறத்தாழ 70 கி.மீ. வேகத்தில் விலகுகிறது எனக் கொள்வோம். ஒளியின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. ஆகும். 3 லட்சத்தை 70-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4286. அதாவது அம்மண்டலம் ஒளியைவிட 4286 மடங்கு மெதுவாக விலகுகிறது. ஒளி 32.6 லட்சம் ஆண்டுகளில் கடக்கும் தொலைவு அவ்வேகத்தில் உண்டாக, 32.6 லட்சத்தை 4286-ஆல் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 1397 கோடி ஆண்டுகள்! அறிஞர் கூறும் 1380 கோடி ஆண்டுகளுக்கு இது மிக அருகில் உள்ளது. விரிவின் வேகம் எப்போதும் ஒரே அளவில் இல்லாமையால் சிறு வேறுபாடு உள்ளது.

வேகம் 70-க்குப் பதில் 140 என்றால் வயது பாதியாகிவிடும். கோடு செங்குத்தாக எழ எழப் பேரண்டம் இளமையானது. மாணவருள் பலர் இதனைத் தலைகீழாக எழுதினர். ‘பெரிய எண், ஆகவே பெரிய வயது’ என்று எண்ணிவிட்டனர். விரைவாக நடப்பவர் விரைவில் ஊர் சேர்வார் என்பதை நினைவிற் கொண்டால் இப்பிழை நேராது. ஹப்பிள் அன்று கண்ட அளவு ஏறத்தாழ 500 ஆகும். அதன்படி பேரண்டத்தின் வயது 200 கோடி ஆண்டுகள் மட்டுமே. பிள்ளையாகிய பூமியைவிடத் தாயாகிய பேரண்டம் இளையது என்று முடியும்! தொலைவுகளைத் திருத்தமாக அளந்த பின்னரே இம்முரண்பாடு நீங்கியது.

ஒளியாண்டும் இருண்ட பொருளும்

‘ஒளியாண்டு’ என்னும் சொல்லில் ‘ஆண்டு’ இருப்பதால் அதைக் காலம் என்று மயங்குவோர் உண்டு. அது தொலைவே. ஒளி ஓராண்டில் கடக்கும் 9.46 லட்சம் கோடி கி.மீ. தொலைவே ஓர் ஒளியாண்டு. கதிரவனின் ஒளி நம்மை அடைய 8 நிமிடங்களுக்குச் சற்று அதிகமாகிறது. கதிரவனை அடுத்த மிக அருகிலுள்ள விண்மீனிலிருந்து வர 4.2 ஆண்டுகளும், ஆண்ட்ரோமீடாவிலிருந்து வர 25 லட்சம் ஆண்டுகளும் ஆகின்றன. சூரிய குடும்பம், பால்வீதி, பேரண்டம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று மாற்றிக் கூறும் மாணவர், இவ்வெண்களை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தாலே தெளிவு பெறுவர்.

தொலைவில் பார்ப்பது கடந்த காலத்தைப் பார்ப்பதும் ஆகும். பேரண்டம் தோன்றி ஏறத்தாழ 3.8 லட்சம் ஆண்டுகளில் புறப்பட்ட ஒளி இன்றும் வந்துகொண்டிருக்கிறது. பென்சியாஸ், வில்சன் என்னும் இருவர் அதனை வானொலி அலையாகக் கண்டறிந்தனர். 1965-ஆம் ஆண்டில் செய்தி வெளியாயிற்று. 1978-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். அவ்வலை வானத்தின் ஒரு மூலையிலிருந்து வரவில்லை. எல்லாத் திசையிலிருந்தும் ஒரே சீராக வருகிறது. பெருவெடிப்பு ஓரிடத்தில் நிகழவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

‘இருண்ட பொருள்’ என்பதும் மயக்கம் தரும் பெயரே. அது கருமை நிறப் பொருள் அன்று, கருந்துளையும் அன்று. அது ஒளியை மறைப்பதும் இல்லை, வீசுவதும் இல்லை. ஈர்ப்பு ஒன்றினாலேயே தன்னைக் காட்டிக்கொள்கிறது. சூரிய குடும்பத்தில் கதிரவனுக்கு அருகில் உள்ள புதன் விநாடிக்கு ஏறத்தாழ 47 கி.மீ. வேகத்திலும், தொலைவில் உள்ள நெப்டியூன் ஏறத்தாழ 5 கி.மீ. வேகத்திலும் சுற்றுகின்றன. விண்மீன் மண்டலத்திலும் ஓர விண்மீன்கள் மெதுவாகச் சுற்ற வேண்டும் என்றே எதிர்பார்த்தனர். ஆனால் அவையும் குறையாத வேகத்தில் சுற்றுவதை வேரா ரூபின் அம்மையாரும் கென்ட் ஃபோர்டும் 1970-ஆம் ஆண்டு முதல் எடுத்துக் காட்டினர். கண்ணுக்குத் தெரியாத பெரும்பொருள் சூழ்ந்திருந்தால்தான் இது இயலும். பேரண்டத்தில் நாம் அறிந்த சாதாரணப் பொருள் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே என்பது இன்றைய கணிப்பு. அம்மையாரின் பெயர் தாங்கிய வானாய்வகம் சிலி நாட்டில் எழுந்து, 2025-ஆம் ஆண்டில் தன் முதற்படங்களை வெளியிட்டது.

‘கொள்கை’ என்றால் என்ன?

‘பெருவெடிப்புக் கொள்கை’ என்கிறோம். அன்றாடப் பேச்சில் கொள்கை என்பது ஒருவர் தாமே ஏற்றுக்கொண்ட நிலை. ‘அது அவர் கொள்கை, இது என் கொள்கை’ என்று சொல்லிவிடலாம். அறிவியலில் அவ்வாறன்று. பல சான்றுகளால் தாங்கப்பட்டு, அளந்து சோதிக்கத்தக்கதாய் விளங்குவதே அறிவியல் கொள்கை. அதனை விரும்பி ஏற்பதும் வெறுத்துத் தள்ளுவதும் இல்லை. சான்றைக் கண்டு ஏற்பதே முறை.

இங்குச் சமய நம்பிக்கை பற்றிய குழப்பமும் எழுகிறது. இக்கொள்கை இறைவனை மறுக்கிறது என்று அஞ்சுவோர் ஒருபுறம். படைப்பை மெய்ப்பித்துவிட்டது என்று மகிழ்வோர் மறுபுறம். இக்கொள்கைக்கு வித்திட்ட லெமேத்ர் 1923-ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கக் குரு ஆவார். 1951-ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தம் உரை ஒன்றில் இப்புதிய அறிவியலைப் படைப்போடு இணைத்துப் பேசினார். லெமேத்ர் அதனால் கவலையுற்றார். அளந்து சோதிக்க வேண்டிய ஒன்றை நம்பிக்கைக்குத் தூணாக நிறுத்தலாகாது. நம்பிக்கைக்கு எதிரான ஆயுதமாகவும் ஆக்கலாகாது என்பதே அவர் நிலை. வெப்பமும் அடர்த்தியும் மிக்க நிலையிலிருந்து பேரண்டம் எவ்வாறு வளர்ந்தது என்பதையே இக்கொள்கை கூறுகிறது. அதற்கு முன் என்ன, ஏன் என்னும் வினாக்களுக்கு அது விடை கூறவில்லை. கூறாத ஒன்றைக் கூறியதாகச் சொல்வது அறிவியலுக்கும் அழகன்று, சமயத்திற்கும் அழகன்று.

திருத்தும் வழி

பிழைபட்ட எண்ணம் கேட்ட மாத்திரத்தில் அகல்வதில்லை. ஆசிரியர் சரியாகவே விளக்கினாலும், மாணவர் அதனைத் தம் பழைய எண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு வீடு திரும்புகின்றனர். ஆகவே மேற்கூறிய ஆய்வாளர் வேறொரு முறையைக் கையாண்டனர். சிறு சொற்பொழிவு முடிந்ததும் மாணவர் இருவர் மூவராகக் கூடி, படிப்படியாக அமைந்த வினாத்தாளை விவாதித்து விடை எழுத வேண்டும். சில வினாக்களில் இரு மாணவர் உரையாடுவதுபோல் அமைத்து, ‘யார் கூறுவது சரி? ஏன்?’ என்று கேட்டனர். தன் எண்ணத்தைத் தோழியிடம் வாய்விட்டுச் சொல்லும்போதே அதிலுள்ள ஓட்டை தெரிந்துவிடுகிறது. இம்முறையில் பயின்றோர், சொற்பொழிவை மட்டும் கேட்டோரைவிட மிகுந்த முன்னேற்றம் அடைந்தனர்.

நாமும் இதைச் செய்யலாம். கீழ்வரும் வினாக்களைத் தோழியரோடு விவாதித்துப் பாருங்கள். கல்லூரியில் பயிலும் அக்காமாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

1. பெருவெடிப்பு நிகழ்ந்த இடத்தை வானத்தில் சுட்டிக்காட்ட முடியுமா? ஏன்?
2. பேரண்டம் விரிகிறது என்றால் நம் பள்ளிக் கட்டடமும் விரிகிறதா?
3. விரிவின் வேகம் இருமடங்கு எனில் பேரண்டத்தின் வயது கூடுமா, குறையுமா?
4. இருண்ட பொருளை எவரும் கண்டதில்லை. அது உண்டு என்று எதனால் கூறுகின்றனர்?

விடையோடு நின்றுவிடாமல் ‘ஏன்’ என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதே விதி.

முடிவுரை

பட்ட வகுப்பு மாணவரின் பிழைகளைக் கண்டு நகைப்பது நம் நோக்கம் அன்று. வெடிப்பு, ஆண்டு, இருள், கொள்கை என்னும் எளிய சொற்களே அவர்களைத் திசை திருப்பின. நாளை அதே சொற்கள் நம்மையும் திசை திருப்பக் காத்திருக்கின்றன. மனப்பாடம் செய்தது தேர்வு முடிந்த மறுநாளே மறைந்துவிடும்; புரிந்துகொண்டது வாழ்நாள் முழுதும் உடன் வரும். லீவிட் அம்மையாரும் ரூபின் அம்மையாரும் பிறர் சொன்னதைத் திருப்பிச் சொன்னதால் புகழ் பெறவில்லை. அளந்து பார்த்து, எண்ணிப் பார்த்து, கண்டதைத் துணிந்து சொன்னதால் புகழ் பெற்றனர். அன்புத் தோழியரே! நாமும் சொல்லைக் கடந்து பொருளை நாடுவோம். ‘ஏன்’ என்று கேட்க அஞ்சாதிருப்போம். இரவில் வானத்தைப் பார்க்கும்போது, பழமையான அவ்வொளி நமக்குச் சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ள முயல்வோம்!